பெற்றவர் பகிர்ந்த மடல்கள்: டி.கே.சி.யின் குற்றால வட்டமும் வாசகர் பெருக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் எழுத்தாளர் தம் வாசகர் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ளும் வழிகளுள், சக எழுத்தாளர்களோடு எழுத்தைப் பகிர்ந்து அவர்தம் வாசகர்களைச் சென்றடைவது பழமையான ஒன்றாகும். தமிழில் இவ்வழி செவ்வையாக இயங்கியதற்குச் சான்றாக அமைவது ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரைச் சூழ்ந்த நண்பர் வட்டம். சொந்தமாக இதழ் எதனையும் நடத்தாத அவருடைய கம்பர் விளக்கங்கள், கடிதங்கள் வழியாகவும் குற்றாலச் சந்திப்புகள் வழியாகவும் சக எழுத்தாளர்களைச் சென்றடைந்து, அவர்கள் வழியாகப் பெருந்திரளான வாசகர்களை எட்டின. அவ்வியக்கத்தின் முறையினையும், அது வெற்றி பெற்றதற்கான காரணங்களையும், அதன் உள்ளார்ந்த குறையினையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச் சொற்கள்: டி.கே.சி., வட்டத்தொட்டி, குற்றாலம், கடித இலக்கியம், கல்கி, வாசகர் பெருக்கம், திறனாய்வு.

முன்னுரை

கடிதத்திற்கும் இதழுக்கும் இடையே உள்ள உறவு நெருக்கமானது. 1665இல் இலண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ என்னும் அறிவியல் இதழ், ஐரோப்பிய அறிஞர்களோடு அவர் நிகழ்த்திவந்த கடிதப் போக்குவரத்தின் மீதே கட்டப்பட்டது. ஒருவருக்கு எழுதப்பட்ட கடிதம் பலருக்கும் பயன்படும் என்று உணரப்பட்டபோது அது அச்சேறியது. இன்று எழுத்தாளர்கள் தனியே நடத்தும் மின்மடல்களும் இவ்வுறவின் தொடர்ச்சியே ஆகும். 2017இல் தொடங்கப்பட்ட சப்ஸ்டாக் என்னும் மின்மடல் தளம், ஒரு மடலாசிரியர் மற்றொருவரைத் தம் வாசகருக்குப் பரிந்துரைக்கும் வசதியை 2022இல் ஏற்படுத்தியது. சக எழுத்தாளரின் வாசகர் தமக்கும் வாசகராகக் கூடும் என்னும் எதிர்பார்ப்பே அவ்வசதியின் அடிப்படை.

இவ்வெதிர்பார்ப்பு எப்போது நிறைவேறும், எப்போது நிறைவேறாது என்பதனை ஆராய்வதற்குத் தமிழிலேயே தக்க சான்று உண்டு. தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்டு, குற்றாலத்தில் வாழ்ந்து மறைந்த டி.கே.சி.யின் (1882–1954) வட்டமே அது. டி.கே.சி. குறித்த எழுத்துகள் பெரும்பாலும் அவருடைய ரசனை முறையைப் பற்றியே பேசுகின்றன. அந்த ரசனை எவ்வாறு பரவியது என்னும் வினாவே இக்கட்டுரையின் மையமாக அமைகின்றது.

தென்காசியும் குற்றாலமும்

குற்றாலம் தென்காசியிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தொடங்கி அருவிகளில் நீர் பெருகும். திரிகூட ராசப்பக் கவிராயரின் குறவஞ்சியால் இலக்கியத்திலும் நிலைபெற்ற ஊர் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென்காசிக்கு இருப்புப்பாதை அமைந்துவிட்டமையால், சென்னையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இங்கு வருவது எளிதாயிற்று.

இவ்வூரின் இயல்பு இக்கட்டுரைக்கு இன்றியமையாத ஒரு செய்தியைத் தருகின்றது. குற்றாலம் பல்கலைக்கழகமோ பதிப்பகமோ இதழ் அலுவலகமோ அமைந்த இடமன்று. எழுத்தாளர்கள் இங்கே தொழில் நிமித்தம் வரவில்லை. சாரலுக்கு வந்தனர், சில நாள் தங்கினர், திரும்பிச் சென்றனர். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் நேரில் கூடிய வட்டம், எஞ்சிய மாதங்களில் அஞ்சலை நம்பியே வாழ வேண்டியிருந்தது. சந்திப்பு கடிதத்தை வளர்த்தது. கடிதம் அடுத்த சந்திப்பை வளர்த்தது.

வட்டத்தொட்டியும் மடல்களும்

சட்டம் பயின்ற டி.கே.சி., வழக்குரைஞர் தொழிலில் பெரிதும் ஈடுபடவில்லை. 1930களின் முற்பகுதியில் சென்னை மாகாண இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகப் பணியாற்றினார். அதற்கு முன்பே, 1920களில், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவரது இல்லத்தில் நண்பர்கள் கூடிக் கம்பர் முதலிய கவிஞர்களின் பாடல்களைச் சுவைத்துவந்தனர். வட்டமாக அமைந்த தொட்டிக்கட்டில் கூடியமையால் அக்கூட்டம் ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது. அதற்கு உறுப்பினர் பட்டியலோ சந்தாவோ இல்லை. பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறியபோது வட்டமும் அங்கே இடம்பெயர்ந்தது. அவருடைய விருந்தோம்பலும் கவிதைப் பேச்சும் பிரிக்க இயலாதவை என்பது அங்குச் சென்றுவந்தோர் பலரின் நினைவுக் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் வரும் செய்தியாகும்.

நேரில் வர இயலாத நாட்களில் அவரிடமிருந்து கடிதங்கள் சென்றன. குற்றாலத்தின் சாரல், வீட்டிற்கு வந்த விருந்தினர், குடும்ப நலம் ஆகியவற்றோடு கம்பரின் பாடல் ஒன்றைப் பற்றிய விளக்கமும் அவற்றில் கலந்திருக்கும். உறவாடும் தொனியும் இலக்கிய விளக்கமும் ஒரே தாளில் அமைவதே இக்கடிதங்களின் தனித்தன்மை. பெற்றவர்கள் அவற்றைப் போற்றிப் பாதுகாத்தமையாலேயே அவை பின்னர்த் தொகுக்கப்பட்டு நூல் வடிவம் பெற முடிந்தது. ஒருவர் பொருட்டு எழுதப்பட்ட மடல் பலர் பொருட்டு அமைந்துவிட்டதனை அத்தொகுப்புகளே உணர்த்துகின்றன.

பகிர்வு இயங்கிய முறை

டி.கே.சி.யின் கடிதங்களைப் பெற்றவர்களும் குற்றாலத்திற்கு வந்தவர்களும் யாவர் என்பதனை நோக்கினால் வாசகர் பெருக்கத்தின் வழி தெளிவாகும். அவர்களுள் ஒவ்வொருவரும் தனித்தனியான வாசகர் கூட்டத்தைக் கொண்டிருந்தனர்.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, ‘ஆனந்த விகடன்’ ஆசிரியராக இருந்து விலகி, 1941இல் தி. சதாசிவத்தோடு இணைந்து ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். அவ்விதழில் டி.கே.சி. கம்பரைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தொடர்கதைக்காக இதழ் வாங்கிய குடும்பங்களுக்குக் கம்பர் பாடலும் வாரந்தோறும் சென்று சேர்ந்தது. அதே 1941இல் அவருடைய கட்டுரைத் தொகுப்பான ‘இதய ஒலி’ வெளிவந்தது. கம்பர் விளக்கங்கள் பின்னர் ‘கம்பர் தரும் ராமாயணம்’ என மூன்று பகுதிகளாக நூலாயின.

தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசுப் பணியில் இருந்தவர். தஞ்சைக் கலைக்கூடம் 1951இல் உருவாவதற்குக் காரணமானவர். கோயிற்கலை பற்றிய அவருடைய ‘வேங்கடம் முதல் குமரி வரை’ கட்டுரைகளும், கம்பன் விழாச் சொற்பொழிவுகளும் கவிதைச் சுவையைக் கோயிலுக்குச் செல்வோரிடமும் மேடைப் பேச்சைக் கேட்போரிடமும் கொண்டு சேர்த்தன. மீ.ப. சோமு அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர். கல்கியின் மறைவுக்குப் பின் ‘கல்கி’ இதழின் ஆசிரியராகவும் இருந்தவர். அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர்; தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். அவர் வழியாக இம்முறை கல்லூரி மாணவரை எட்டியது. நீதிபதி எஸ். மகாராஜன் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கியவர். சாகித்திய அகாதெமிக்காகக் கம்பரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். அவர் வழியாக இம்முறை பிறமொழி வாசகரையும் எட்டியது. அரசியல் உலகில் ராஜாஜியின் நட்பு டி.கே.சி.க்கு வாய்த்தது.

1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழாவும், 1940களில் வலுப்பெற்ற தமிழிசை இயக்கமும் இவ்வட்டத்தினர் பங்கேற்ற பொது மேடைகள். காரைக்குடியின் முதல் விழாவிற்கு டி.கே.சி.யே தலைமை தாங்கினார். வீட்டு முற்றத்தில் தோன்றிய சுவைமுறை, இவ்வாறு சில ஆண்டுகளில் மேடை, வார இதழ், வானொலி, கல்லூரி ஆகிய எல்லாவற்றிலும் கேட்கத் தொடங்கியது.

வாசகர் பெருகியதற்கான காரணங்கள்

இப்பரவலுக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, பகிரப்பட்ட பொருளின் அளவு. டி.கே.சி. கம்பரின் காப்பியம் முழுவதையும் ஒருசேர முன்வைக்கவில்லை. ஒரு பாடல், அதன் பின்னணிக் காட்சி, அப்பாடலின் உயிரான இடம் என்ற சிறு அலகாகவே விளக்கம் அமைந்தது. சந்தி பிரித்து, சொல் எளிதில் விளங்குமாறு பாடலை எழுதிக் காட்டினார். பண்டித உரைநடையை விலக்கிப் பேச்சின் போக்கில் எழுதினார். அத்தகைய அலகு ஒரு கடிதத்தில் அடங்கும். ஒரு சொற்பொழிவில் எடுத்துக்காட்டாகும். வார இதழின் இரண்டு பக்கங்களில் நிறைவுறும். எளிதாகக் கைமாறும் வடிவம் இருந்தமையால் கைமாறியது.

இரண்டாவது, பகிர்ந்தவர்களின் வாசகர் கூட்டங்கள் ஒன்றோடொன்று பெரிதும் கலவாதவை. வார இதழ் வாசகரும், கல்லூரி மாணவரும், வானொலி நேயரும், அரசியல் தொண்டரும் வெவ்வேறு மக்கள். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், நெருங்கிய நண்பர் ஏற்கெனவே நாம் அறிந்தவற்றையே அறிந்திருப்பர் என்றும், புதிய செய்தி தொலைவான தொடர்புகள் வழியாகவே மிகுதியும் பரவும் என்றும் விளக்கினார். டி.கே.சி.யின் வட்டத்தில் இரு நன்மைகளும் ஒருங்கே அமைந்தன. வட்டத்தினர் தமக்குள் நெருங்கியவர். ஆயினும் ஒவ்வொருவரும் வெவ்வேறு உலகிற்கு வாயிலாக நின்றனர்.

மூன்றாவது, பகிர்ந்தவர்கள் பெற்றதை அப்படியே கைமாற்றவில்லை. கல்கி இதழாசிரியரின் நோக்கிலும், தொண்டைமான் சிற்பத்தை நோக்கிய கண்ணாலும், மகாராஜன் மொழிபெயர்ப்பாளரின் செவியாலும் அதனைத் தமதாக்கி எழுதினர். ‘இவரைப் படியுங்கள்’ என்னும் வெறும் பரிந்துரை ஒருமுறையோடு முடிந்துவிடும். ஒருவரின் சிந்தனை மற்றொருவர் எழுத்தின் உள்ளே வேலை செய்யும்போது, வாசகர் அதன் மூலத்தைத் தாமே தேடி வருவர். இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் குற்றாலத்திற்கு டி.கே.சி.யைத் தேடி வந்தமையும் இவ்வகையினதே. அவ்விருவரும் பின்னர்த் தமக்கிடையே வளர்த்துக்கொண்ட கடிதப் பழக்கமும் தமிழ்க் கடித இலக்கியத்தில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றது.

இவ்வுறவு ஒருவழிப்பட்டதன்று என்பதும் கருதத்தக்கது. நாஞ்சில் நாட்டுக் கவிஞர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களை டி.கே.சி. தம் பேச்சிலும் எழுத்திலும் இடைவிடாது எடுத்துரைத்தார். தமக்குக் கிடைத்த மேடையைப் பிறருக்கும் அளித்தவர் என்பதனாலேயே பிறர் மேடைகள் அவருக்குத் திறந்தன.

மறுபக்கம்: தேர்வும் சோதனையும்

வட்டத்தின் வலிமையாக மேலே கூறப்பட்டதே அதன் குறைக்கும் காரணமாயிற்று. கம்பராமாயணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டதாக வழங்குகின்றது. அவற்றுள் பெரும்பகுதி பிறரால் இடைச்செருகப்பட்டது என்பது டி.கே.சி.யின் கருத்து. எது கம்பர் வாக்கு, எது அன்று என்பதனை அவர் கவியுணர்வின் துணைகொண்டே துணிந்தார். சில இடங்களில் பாடத்தையும் மாற்றினார். புலமையாளர் பலர் இதனை ஏற்கவில்லை. சுவடிச் சான்று இல்லாமல் பாடலை நீக்குவதும் சொல்லைத் திருத்துவதும் பதிப்பு நெறிக்கு முரண் என்பது அவர்தம் வாதம்.

இதே நெல்லைச் சீமையில் பிறந்த எஸ். வையாபுரிப்பிள்ளை, 1926 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்து, சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணியும் நெறியை வற்புறுத்தினார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பராமாயணப் பதிப்பும் சுவடி ஒப்பீட்டு முறையிலேயே அமைந்தது. இவ்விரு நெறிகளும் ஒரே காலத்தில் நிலவின. ஆயினும் வார இதழ் வாசகரைச் சென்றடைந்தது ஒன்று மட்டுமே. மற்றொன்று நூலகத்திலும் வகுப்பறையிலும் தங்கியது.

இதன் விளைவு சிறிதன்று. குற்றாலத்தின் வழியாகக் கம்பரை அறிந்த வாசகர், கம்பரையும் டி.கே.சி.யின் தேர்வையும் பிரித்தறிய வாய்ப்பில்லாமல் இருந்தனர். பகிர்ந்தவர் அனைவரும் அன்பால் பிணைக்கப்பட்டவர். அன்பின் காரணமாகவே அவர்கள் அயராது பகிர்ந்தனர். அதே அன்பின் காரணமாக மறுத்துக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதும் அரிதாயிற்று. நண்பரின் பெயரே கருத்துக்குப் பிணையாக நின்றபோது, கருத்தைத் தனியே நிறுத்துப் பார்க்கும் தேவை எழவில்லை.

எனினும் இக்குறையை மட்டும் கொண்டு வட்டத்தை எடைபோடுவது நேர்மையாகாது. அவ்வாசகர்களுள் பெரும்பாலோர் வேறு எவ்வழியாலும் கம்பரிடம் வந்திருக்க மாட்டார்கள். சோதிக்கப்பட்ட பாடம் வாசகரை எட்டவில்லை. எட்டிய பாடம் சோதிக்கப்படவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே விழுந்த இடைவெளியே ஆய்வுலகம் கவனிக்க வேண்டியது.

பிற்காலக் குற்றாலமும் இன்றைய மடல்களும்

எழுத்தாளர் கூடும் இடமாகக் குற்றாலம் டி.கே.சி.க்குப் பின்னும் தொடர்ந்தது. கவிஞர் கலாப்ரியா 1980களின் பிற்பகுதி தொடங்கி ‘பதிவுகள்’ என்னும் பெயரில் குற்றாலத்தில் இலக்கியச் சந்திப்புகளை நடத்தினார். நவீன கவிஞர்கள் அங்கே கூடித் தம் கவிதைகளை வாசித்தனர், விவாதித்தனர்.

இச்சந்திப்புகளையும் முந்தைய வட்டத்தையும் ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு புலப்படும். இங்கே எழுதியவரும் கேட்டவரும் பெரும்பாலும் சிற்றிதழ் உலகினர். ஒருவருடைய வாசகரே மற்றவருடைய வாசகரும் ஆவர். ஆகவே இப்பகிர்வு வாசகர் எண்ணிக்கையைப் பெரிதும் கூட்டவில்லை. ஆனால் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசும் விவாதம் இதனால் கூர்மையுற்றது. முந்தைய வட்டம் அகலத்தைத் தந்தது. பிந்தைய சந்திப்பு ஆழத்தைத் தந்தது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழுக்கும் இதே நிலை இருந்தது. அதன் உள்வட்டம் திறனாய்வில் உறுதியாக இருந்தது. ஆனால் வெளியே வாசகரைத் தேட, ஆசிரியரே நூல்களைச் சுமந்து ஊர் ஊராகச் செல்ல நேர்ந்தது.

இன்றைய மின்மடல் எழுத்தாளருக்கும் இவ்வேறுபாடு பொருந்தும். ஒரே துறையினர் பதின்மர் ஒருவரையொருவர் பரிந்துரைத்துக்கொண்டால், ஒரே வாசகர் பத்து மடல்களைப் பெறுவார். வாசகர் தொகை பத்து மடங்காகாது. வேறு துறையில் எழுதும் ஒருவர், பெற்ற கருத்தைத் தம் மடலில் தம் சொற்களால் விரித்தெழுதி மூலத்தைச் சுட்டும்போதே புதிய வாசகர் வருவர். ஆய்விதழ்களும் இதற்கு விலக்கல்ல. ஒரு நெறியாளரின் மாணவர்கள் தமக்குள்ளேயே மேற்கோள் காட்டிக்கொள்ளும்போது மேற்கோள் எண்ணிக்கை உயரும். அக்கருத்து வேறு துறையை எட்டியதா, அங்கே சோதனைக்கு உட்பட்டதா என்னும் வினா விடையின்றி நிற்கும். வட்டம் எதுவும் வாய்க்காத, சிற்றூர்க் கல்லூரியின் முதல் தலைமுறை ஆய்வாளர் எழுதியது எவ்வளவு தகுதியுடையதாயினும் அம்மேற்கோள்களில் இடம்பெறாமல் போகவும் கூடும்.

முடிவுரை

டி.கே.சி.யின் வட்டம் உணர்த்துவன வருமாறு தொகுக்கத்தக்கன. எளிதில் கைமாறும் சிறு அலகாக எழுத்து அமைய வேண்டும். பகிர்வோர் வெவ்வேறு வாசகர் உலகங்களைச் சார்ந்தவராக இருக்க வேண்டும். பெற்றதைத் தமதாக்கி எழுதும் திறம் அவர்களுக்கு வேண்டும். தாம் பெறுவதைப் போலவே பிறருக்கும் மேடை அளிக்கும் மனம் நடுவில் இருப்பவருக்கு வேண்டும். இந்நான்கும் கூடியபோது, இதழோ நிறுவனமோ இல்லாத ஒருவரின் கம்பர் விளக்கம் தமிழகம் முழுவதும் சென்றது.

ஐந்தாவது ஒன்று அவ்வட்டத்தில் போதிய அளவு இடம்பெறவில்லை. அது நட்பினுள்ளிருந்தே எழும் மறுப்பு. வையாபுரிப்பிள்ளையின் நெறி வண்ணார்பேட்டை முற்றத்திலும் குற்றால இல்லத்திலும் வாரந்தோறும் ஒரு கேள்வியாக ஒலித்திருக்குமாயின், ‘கல்கி’ வாசகர் கம்பரின் சுவையோடு பாட வேறுபாட்டின் வரலாற்றையும் அறிந்திருப்பர். பகிர்வதற்கு நண்பர் வேண்டும். பகிரத்தக்கது எது எனத் தெளிவதற்கு அந்நண்பருள் ஒருவரேனும் உடன்படாதவராக இருத்தல் வேண்டும். டி.கே.சி.யின் கடிதங்களை இனி ஆராய்வோர், அவை எத்தனை பேரை எட்டின என்பதோடு, அவற்றுக்கு மறுப்பாக வந்த மடல்கள் எவை என்பதனையும் தேடுதல் பயன் தரும்.